நினைவுத் தூணா, உதவி மையமா? எங்கள் ஊர் பட்டாளத்துக்காரர்களுக்கு எது முதலில்?

பாலாற்றங்கரை | டிசம்பர் 7, இரவு 9.40

இன்று படைவீரர் கொடிநாள். காலையில் பள்ளிப் பிள்ளைகள் உண்டியலோடு வந்தார்கள். அம்மா நூறு ரூபாய் போட்டுவிட்டு, சின்னக் கொடியை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். ஒவ்வோர் ஆண்டும் அதை அப்பாவின் சட்டையில் குத்திவிடுவது அவர்தான். இந்த ஆண்டு சட்டை மாட்டிக்கொள்ள அப்பா இல்லை.

அப்பா பத்தொன்பது ஆண்டு சேவைக்குப் பிறகு 1992இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். செப்டம்பரில், எழுபத்தொன்றாம் வயதில் காலமானார். ஊர் முன்னாள் படைவீரர் சங்கத்தார் எல்லோரும் வந்தார்கள். நடக்கவே முடியாத ஒரு தாத்தாகூட பேரனின் தோளை விட்டுவிட்டு நேராக நின்று சல்யூட் அடித்தார். அன்று எங்கள் வீட்டுக்குக் கிடைத்த மரியாதையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

ஆனால் மூன்று மாதமாக அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. அம்மாவின் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. 1979இல் திருமணத்தைப் பதிவு செய்தவர் அதற்கு ஆங்கிலத்தில் ‘எல்’ போட்டிருக்கிறார். ஆதாரில் ‘இசட், எச்’ என்று இருக்கிறது. அங்கே அப்பாவின் இனிஷியல், இங்கே தாத்தாவின் இனிஷியல். பி.பி.ஓ. எனும் ஓய்வூதிய ஆணையில் அம்மாவின் பிறந்த தேதி என்ற இடமே காலியாக இருக்கிறது. மனு இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. நாற்பத்தாறு ஆண்டு அப்பாவோடு வாழ்ந்த அம்மா, தான்தான் அவருடைய மனைவி என்று இப்போது காகிதத்தில் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

சங்கத்தில் நான்கு இலட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. ஊர் முகப்பில் நினைவுத் தூண் எழுப்பப் போகிறார்கள். போன ஞாயிறு கூட்டத்தில் நான் எழுந்து, அந்தப் பணத்தில் ஒரு அறை, ஒரு கணினி, ஒரு அச்சுப்பொறி, வாரம் இரண்டு நாள் காகிதம் பார்க்க விவரம் தெரிந்த ஒருவர் என்று ஏற்பாடு செய்யலாமே என்று கேட்டேன். சில பெரியவர்களின் முகம் வாடிவிட்டது. அவர்களைப் புண்படுத்துவது என் நோக்கமில்லை. நான் கேட்டது தவறா?

சிக்னல்ஸ் 82 | டிசம்பர் 7, இரவு 10.25

மகளே, தவறில்லை. முகம் வாடியவர்களில் நானும் ஒருவன் என்பதால் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாட்டின் பல ஊர்களில் வெள்ளைக்காரர் காலத்துக் கல்வெட்டு ஒன்று சுவரில் பதித்திருக்கும். இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கும். எங்கள் ஊரிலும் பழைய பள்ளிச் சுவரில் ஒன்று உண்டு. சின்ன வயதில் அந்தக் கல்லின் கீழே உட்கார்ந்துதான் வாய்ப்பாடு படித்தேன். அதில் எண்ணிக்கை இருக்கிறது. ஒரு பெயர்கூட இல்லை.

என் தாத்தா மெசபடோமியா (இன்றைய ஈராக்) போனவர். பாஸ்ராவில் பேரீச்சம்பழம் தின்ற கதையைச் சொல்வாராம். அந்த எண்ணிக்கையில் ஒருவர் என்பதைத் தவிர அவருக்கு ஊரில் எந்த அடையாளமும் இல்லை. டில்லியில் 2019இல் தேசியப் போர் நினைவகம் திறந்தபோது நான் போய்ப் பார்த்தேன். வட்ட வட்டமாகச் சுவர், ஒவ்வொரு கல்லிலும் ஒரு பெயர். என் யூனிட் தோழன் ஒருவனுடைய பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டு வந்தேன். அந்தத் தடவல் ஒரு தாய்க்கு ஊரிலேயே கிடைக்க வேண்டும் என்றுதான் தூண் கேட்கிறோம். வீண் பகட்டுக்காக அல்ல.

ஹவில்தார் கிளார்க் | டிசம்பர் 8, காலை 6.15

தூண் விஷயத்தைப் பிறகு பேசலாம். முதலில் அந்த அம்மாவின் காகிதம்.

நான் பட்டாளத்தில் கிளார்க். சேவையின் பெரும்பகுதியை, படைவீரர்களின் சேவை ஆவணங்களை வைத்திருக்கும் ஒரு ரெக்கார்டு ஆபீஸில் கழித்தவன். இந்த ழகரச் சிக்கலை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். சிப்பாய் லீவில் வந்து கல்யாணம் செய்துகொள்வான். திரும்பிப் போய் யூனிட்டில் சொல்வான். அங்கே எழுதுகிறவர் பஞ்சாபியாக இருப்பார், மராட்டியராக இருப்பார். காதில் விழுந்தபடி எழுதுவார். அதுதான் பார்ட் டூ ஆர்டர், அதாவது கல்யாணம், குழந்தை பிறப்பு போன்றவற்றை யூனிட் பதிவு செய்து வெளியிடும் ஆணை ஆகும். அதிலிருந்து ஆவணத்துக்கு, ஆவணத்திலிருந்து டிஸ்சார்ஜ் புத்தகத்துக்கு, அதிலிருந்து பி.பி.ஓ.வுக்கு என்று ஒரே பிழை நான்கு இடத்தில் குடியேறிவிடும். ஓய்வூதியம் அவர் பெயரில் மாதம் தவறாமல் வருவதால் நாற்பது ஆண்டு யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அவர் கண் மூடிய பிறகுதான் பிழை கண் திறக்கும்.

மகளே, அப்பாவின் மறைவை ஓய்வூதியக் கணக்கில் தெரிவித்துவிட்டீர்களா? அதுதான் முதல் வேலை. தெரிவிக்காமல் விட்டால் அவருடைய ஓய்வூதியம் தொடர்ந்து வங்கியில் விழும், பிறகு அதை மொத்தமாகப் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பணத்தை நம்பி ஈமச் செலவு செய்துவிட்டுத் தவித்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, இரண்டு பெயரும் ஒரே ஆளையே குறிக்கும் என்று அம்மா உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். கூடவே ஆதார், இறப்புச் சான்று, டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. நகல், பிறந்த தேதிக்குப் பள்ளிச் சான்று. பள்ளிச் சான்று இல்லையென்றால் வேறு எதை ஏற்பார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இத்தனையும் சேர்த்து மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். அவர்கள் ரெக்கார்டு ஆபீஸுக்கு அனுப்புவார்கள். ரெக்கார்டு ஆபீஸ் எது என்பது அப்பாவின் படைப்பிரிவைப் பொறுத்தது. மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், இயந்திரப் பராமரிப்புப் பிரிவான ஈ.எம்.ஈ.க்கு செகந்தராபாத். அங்கிருந்து பிரயாக்ராஜ் ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்குப் போய்த் திருத்திய பி.பி.ஓ. வரும். அப்பா இறந்த மறுநாளிலிருந்து கணக்கிட்டு நிலுவை முழுவதும் கிடைக்கும், கவலை வேண்டாம்.

பிறந்த தேதியை விட்டுவிடாதீர்கள். எண்பது வயதானால் ஓய்வூதியம் 20 சதவீதம் கூடும், எண்பத்தைந்தில் 30. பி.பி.ஓ.வில் தேதி இல்லாததால் தொண்ணூறு வயதிலும் பழைய தொகையே வாங்கிக்கொண்டிருக்கும் பாட்டிகள் உண்டு. தங்களுக்குக் கூடுதல் உரிமை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

வடமுனை நிலா | டிசம்பர் 8, காலை 11.02

என் கணவர் இப்போது லடாக்கில் பணியில் இருக்கிறார். கல்யாணமாகி மூன்று ஆண்டு, ஒரு பெண் குழந்தை. மேலே உள்ளதைப் படித்ததிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. அவரிடம் கேட்டால் “எல்லாம் கொடுத்தாயிற்று” என்கிறார். நான் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஹவில்தார் கிளார்க் | டிசம்பர் 8, பிற்பகல் 1.30

கொடுத்தது வேறு, பதிவானது வேறு, அம்மா. கல்யாணத்துக்கும் குழந்தை பிறப்புக்கும் பார்ட் டூ ஆர்டர் வெளியாகியிருக்கிறதா என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் உள்ள உங்கள் பெயர் ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். குழந்தைக்கு ஆதார் எடுக்கும்போதே இதை மனத்தில் வையுங்கள். சம்பளக் கணக்கை இருவர் பெயரிலும் வைத்துக்கொள்ளுங்கள். ராணுவக் குழுக் காப்பீட்டில் நாமினி யார் என்று கேளுங்கள். கல்யாணத்துக்கு முன் சேர்ந்தவர்கள் தாயின் பெயரைக் கொடுத்துவிட்டு மாற்றாமலேயே இருப்பார்கள். மாமியாருக்கும் ஒரு பங்கு என்று நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்தால் அதையும் எழுத்தில் வைத்துவிடுங்கள். பிள்ளையை இழந்த தாயும் கணவனை இழந்த பெண்ணும் ஒரே கூரையின் கீழ் பேச்சில்லாமல் இருப்பதைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

இதைக் கேட்பது அபசகுனம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

மூன்றாவது வீடு | டிசம்பர் 8, இரவு 8.50

இங்கே எழுதுவதா வேண்டாமா என்று ஒரு நாள் முழுவதும் யோசித்தேன்.

என் அப்பா 1988இல் இலங்கையில் இறந்தார். இந்திய அமைதிப் படையில் போனவர். அப்போது எனக்கு ஒன்றரை வயது, அம்மாவுக்கு இருபத்து மூன்று. பண விஷயத்தில் நாங்கள் குறை சொல்ல மாட்டோம். போரில் இறந்தவருக்கு உரிய, கடைசிச் சம்பளத்துக்கு இணையான ஓய்வூதியம் அம்மாவுக்கு வந்தது. அதில்தான் நான் படித்தேன்.

எங்களுக்கு இல்லாமல் போனது வேறு. அந்தப் படையில் ஆயிரத்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மேஜர் பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்கரம் கொடுத்தார்கள். ஆனால் 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல்கள் சென்னைக்குத் திரும்பியபோது மாநில முதல்வர் வரவேற்கப் போகவில்லை. அன்றைய தமிழ்நாட்டின் மனநிலை அது. அதன் நியாயம் எனக்கு இப்போது புரிகிறது. பள்ளியில் மட்டும், அப்பா எங்கே இறந்தார் என்று கேட்டால் “எல்லையில்” என்று சொல்லும்படி அம்மா பழக்கியிருந்தார். எந்த எல்லை என்று ஆசிரியர் கேட்ட நாளில் நான் பதில் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குத் தூண் வேண்டும். அறையும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அப்பாவின் பெயரும் இறந்த இடமும் ஊரறிய ஒரு கல்லில் இருந்தால், என் மகனுக்கு நான் பொய் சொல்ல வேண்டியிராது.

நல்லூரான் | டிசம்பர் 8, இரவு 11.48

மூன்றாவது வீட்டுச் சகோதரிக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

அந்தப் படையை எங்கள் ஊர் நினைவில் வைத்திருக்கும் விதம் வேறு. 1987 அக்டோபர் 21ஆம் திகதி, தீபாவளி நாளில், யாழ் ஆஸ்பத்திரிக்குள் நடந்த சூட்டில் நோயாளர்களும் வைத்தியர்களும் தாதியரும் செத்துக் கிடந்தார்கள். என் சித்தி அங்கே வேலை செய்தவர். அதை நான் மறைத்துவிட்டு உங்களோடு பேச முடியாது.

அதே வேளை, இருபத்து மூன்று வயதில் தனித்துப்போன ஒரு பெண்ணின் துயரம் எனக்குத் தெரியாததல்ல. எங்கள் ஒழுங்கையில் அப்படி ஏழு பேர் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குக் காகிதமும் இல்லை, கல்லும் இல்லை.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். தூணில் உங்கள் தகப்பனின் பெயர், ஆண்டு, இடம் இருக்கட்டும். வெற்றி, வீரம் என்று மேலே எதையும் வெட்டாதீர்கள். பெயரும் இடமும் மட்டும் இருந்தால் நான் அந்த வழியாக வரும்போதும் நின்று வாசிப்பேன்.

மூன்றாவது வீடு | டிசம்பர் 9, காலை 5.55

அண்ணா, அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “அப்படியே செய்யச் சொல்” என்றார். அவர் இதைப் பற்றி ஒரு முழு வாக்கியம் பேசி ஆண்டுகள் ஆகின்றன.

சிக்னல்ஸ் 82 | டிசம்பர் 9, காலை 9.10

நல்லூரானின் வார்த்தையைக் கூட்டத்தில் வைக்கிறேன். வாசகத்துக்காக மட்டும் இரண்டு மாதமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். வாசகமே வேண்டாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

மாலை ஷிப்ட் | டிசம்பர் 9, பிற்பகல் 3.20

இறந்தவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். உயிரோடு இருப்பவர்களையும் கொஞ்சம் நினையுங்கள்.

பதினேழு ஆண்டு முடித்து முப்பத்தாறு வயதில் வீட்டுக்கு வந்தேன். அதிகாரிகளைப் போல ஐம்பதுக்கு மேல் ஓய்வு பெறுகிறவன் அல்ல சிப்பாய். பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது அவனுக்கு ஓய்வு. ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை விற்று முன்பணம் வாங்கி வீடு கட்டிவிட்டால், விற்ற அந்தப் பகுதி ஓய்வூதியத்தில் திரும்ப வந்து சேரப் பதினைந்து ஆண்டு. மத்திய அரசின் சி பிரிவு வேலைகளில் 10 சதவீதம், வங்கிகளின் அதே பிரிவில் 14.5 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் தேர்வுக்குப் படிக்க யார் சொல்லித் தருகிறார்கள்? என் கூட வந்தவர்களில் பாதிப் பேர் ஏ.டி.எம். வாசலிலும் அடுக்குமாடி வாசலிலும் நிற்கிறார்கள். நான் மாலை இரண்டு மணிக்குப் போய் இரவு பத்து வரை நிற்கிறேன். எந்த வேலையையும் நான் தாழ்வாக நினைக்கவில்லை. ஆனால் பதினேழு ஆண்டு ரேடார் பராமரித்தவன் கேட் திறந்துவிடுகிறான் என்பதை ஊர் கவனிக்க வேண்டும்.

ஹவில்தார் கிளார்க் | டிசம்பர் 9, மாலை 6.40

தம்பி, நீங்கள் சொல்வது சரி. தமிழ்நாடு அரசின் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தைப் பார்த்தீர்களா? சொந்தத் தொழிலுக்கு ஒரு கோடி ரூபாய் வரை கடன், அதில் 30 சதவீதம் மூலதன மானியம், வட்டியில் 3 சதவீத மானியம். ரேடார் பார்த்த கைக்கு மின்னணுப் பழுது பார்க்கும் கடை வைக்க அது போதும். திட்ட அறிக்கை எழுதத் தெரியாமல்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு ஞாயிறு உட்காருங்கள், நானே எழுதித் தருகிறேன்.

பிள்ளைகள் தொழிற்படிப்புக்குப் போனால் பிரதமர் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். தேர்வானால் பெண்ணுக்கு மாதம் 3,000 ரூபாய், ஆணுக்கு 2,500. கடைசித் தேதி முடிந்த பிறகு என்னிடம் வந்து அழுத தகப்பன்களைக் கணக்கெடுக்க முடியாது.

தேக்கம்பட்டறை | டிசம்பர் 10, காலை 7.30

ஓய்வூதியமே இல்லாத முன்னாள் படைவீரர்கள் இருக்கிறார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. ஓய்வூதியத்துக்குச் சிப்பாய்க்குப் பதினைந்து ஆண்டு சேவை வேண்டும். எங்கள் பெரியப்பா குடும்பக் கஷ்டத்தால் ஒன்பதாம் ஆண்டே விலகி வந்தவர். 1971 போரில் கிழக்கு முனையில் நின்றவர். டிரங்குப் பெட்டியில் பதக்கம் இருக்கிறது, வங்கியில் ஒன்றும் இல்லை. அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட, ஓய்வூதியம் இல்லாதவர்களுக்கு மத்திய அரசின் வறுமை உதவித்தொகை ஒன்று இருப்பது எழுபத்தாறு வயதில்தான் எங்களுக்குத் தெரிந்தது. பதினோரு ஆண்டு போய்விட்டது. சொன்னவர் பக்கத்து ஊர்த் தபால்காரர்.

பாலாற்றங்கரை அக்கா கேட்கும் அறை எங்கள் ஊரில் இருந்திருந்தால் அந்தப் பதினோரு ஆண்டு அவர் கறிக்கடையில் கணக்கு எழுதியிருக்க மாட்டார்.

பாலாற்றங்கரை | டிசம்பர் 14, இரவு 10.15

எல்லோருக்கும் ஒரே பதிலாக எழுதுகிறேன்.

இன்று கூட்டம் நடந்தது. சிக்னல்ஸ் ஐயா இங்கே எழுதப்பட்டதையெல்லாம் அச்செடுத்து வந்து நிறுத்தி நிதானமாக வாசித்தார். தூண் பளிங்கில் வேண்டாம், நம் மாவட்டக் கருங்கல்லே போதும் என்று முடிவானது. மேலே சிங்க முகம் வைக்கும் திட்டம் போய்விட்டது. அந்த வகையில் மிச்சமாகும் பணத்தில் கணினி வாங்குகிறோம். அறைக்கு வாடகை இல்லை, பழைய பள்ளிக் கட்டடத்தில் கல்வெட்டு இருக்கும் சுவருக்கு அடுத்த அறையைக் கேட்டு வாங்கியிருக்கிறோம். கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள் உள்ள ஊர் அல்ல எங்களுடையது. ஆனாலும் கூட்டத்திலேயே நாற்பத்திரண்டு குடும்பங்கள் பெயர் கொடுத்தன.

அம்மாவின் உறுதிமொழிப் பத்திரம் தயார். நாளை மாவட்ட அலுவலகம் போகிறோம்.

பாலாற்றங்கரை | ஜனவரி 18, இரவு 9.05

முதல் ஞாயிறு முடிந்தது. பதினான்கு டிஸ்சார்ஜ் புத்தகங்கள் வந்தன. சில செய்தித்தாளில் சுற்றி, சில சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தவை. கிளார்க் ஐயா பஸ் ஏறி வந்து, காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவர் மூன்று மணிக்குத்தான் எழுந்தார். ஒவ்வொன்றையும் ஆதாரோடு வைத்து ஆட்காட்டி விரலால் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். பதினான்கில் ஐந்தில் மனைவி பெயர் பொருந்தவில்லை. இரண்டில் மனைவி பெயரே இல்லை. அந்த ஐந்து பேரும் இந்த இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களே கையெழுத்துப் போட்டுத் திருத்திவிடலாம் என்று அவர் சொன்னபோது, ஒரு பெரியம்மா சட்டென்று கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். கூட்டத்தில் அப்படி அவர்கள் கை பிடித்து நான் பார்த்ததில்லை.

மாலை ஷிப்ட் அண்ணன் திட்ட அறிக்கையோடு வங்கிக்குப் போயிருக்கிறார். அம்மாவின் கோப்பு ரெக்கார்டு ஆபீஸை அடைந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. பணம் இன்னும் வரவில்லை.

தூணுக்கான பட்டியலைக் கல் தச்சர் வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறார். 1914இலிருந்து தேடியதில் இதுவரை முப்பத்தொரு பெயர் கிடைத்திருக்கிறது. மூன்றாவது வீட்டு அக்கா, உங்கள் அப்பாவின் பெயரை நீங்கள் அனுப்பியபடியே எழுதியிருக்கிறேன், கீழே ‘1988, இலங்கை’. ஊர்ப் பெயரும் வேண்டுமா என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

சிக்னல்ஸ் ஐயா, உங்கள் தாத்தா முனுசாமியா, முனிசாமியா? பட்டியலில் ஓரிடத்தில் ஒன்றும் இன்னோரிடத்தில் மற்றொன்றும் எழுதியிருக்கிறீர்கள்.

மூன்றாவது வீடு | ஜனவரி 19, காலை 6.20

வேண்டும் என்கிறார். ‘கிளிநொச்சி’. ளகரம், தயவுசெய்து சரிபாருங்கள்.

சிக்னல்ஸ் 82 | ஜனவரி 19, காலை 8.45

பாட்டியிடம் கேட்டிருந்தாலும் தெரிந்திருக்காது, அவர் தாத்தாவின் பெயரை வாயால் சொன்னதே இல்லை. நேற்றிரவு பரணில் ஏறிப் பழைய நிலப் பத்திரத்தை எடுத்தேன். போரிலிருந்து கொண்டுவந்த பணத்தில் 1921இல் வாங்கிய முக்கால் காணி. கைநாட்டுக்குப் பக்கத்தில் ‘முனிசாமி’ என்று எழுதியிருக்கிறது. அதையே வெட்டச் சொல்லுங்கள்.